காற்றிலிருந்து எடுத்தது காற்றுக்கே போனால் என்ன?

வாசகர் ஒருவர் கேட்டது: "யூரியாவில் இருக்கும் நைட்ரஜன் காற்றிலிருந்து எடுத்ததுதானே? வயலில் போட்டு மிஞ்சியது காற்றுக்கே போனால் அதை மாசு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? எடுத்த இடத்தில் திருப்பி வைக்கிறோம், அவ்வளவுதான்."

பிப்ரவரி 2

எடுத்த பொருளும் திரும்பும் பொருளும் ஒன்றல்ல. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். இரண்டு இரண்டு அணுவாக, மும்மடங்குப் பிணைப்பில் கட்டிப்பிடித்துக்கொண்டு, யார் வம்புக்கும் போகாமல் கிடக்கிறது. சோம்பேறி நைட்ரஜன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிடியை அவிழ்ப்பது காலங்காலமாக மின்னலும் சில பாக்டீரியாக்களும் செய்துவந்த வேலை. 1909இல் ஃபிரிட்ஸ் ஹாபர் அதை ஆய்வகத்தில் செய்து காட்டினார். கார்ல் பாஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனார். 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் உற்பத்தி ஆரம்பம்.

அவிழ்த்துவிட்ட நைட்ரஜன் மறுபடியும் அதே சோம்பேறியாகத் திரும்பினால் உங்கள் வாதம் ஜெயித்தது. பெரும்பாலும் அப்படித் திரும்புவதில்லை. அம்மோனியாவாகப் போகிறது, நைட்ரஸ் ஆக்சைடாகப் போகிறது, நைட்ரேட்டாகத் தண்ணீரோடு போகிறது. போகிற வழியெல்லாம் எதையாவது கிளறிவிட்டுத்தான் போகிறது.

பிப்ரவரி 2, இரவு

காலையில் ஒன்று விட்டுப்போச்சு. எடுத்ததும் இனாமாக எடுக்கவில்லை. அம்மோனியா தயாரிக்க ஹைட்ரஜன் வேண்டும். அது பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ வருகிறது. 400 டிகிரிக்கு மேல் சூடு, நூறு மடங்குக்கும் மேல் காற்றழுத்தம். உலகம் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 2 சதவீதம் அம்மோனியா தயாரிப்புக்கே போகிறது. அப்படி வட்டிக்கு வாங்கிய பணத்தை வயலில் விசிறிவிட்டு, பாதி பறந்தாலும் பரவாயில்லை என்கிறோம்.

பிப்ரவரி 5

மூக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் மேலுரம் போடப் பழகிய வயதில் அப்பா சொல்வார்: "வாசம் வந்தா உரம் வேலை செய்யுதுன்னு அர்த்தம்." ஈரமண்ணில் யூரியாவை விசிறிவிட்டு, அடுத்த நாள் வெயில் ஏறும் நேரம் வரப்பில் நின்றால் கண் ஓரத்தில் லேசாகக் கரிக்கும். எனக்கு அது ஒரு திருப்தி. இருபது வருஷத்துக்கும் மேல் அந்தத் திருப்தியோடு இருந்தேன்.

வாசம் வந்தால் உரம் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். யூரியா குருணை ஈரத்தில் கரைந்ததும், மண்ணிலும் காய்ந்த சருகிலும் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி அதை உடைக்கிறது. உடைகிற இடத்தைச் சுற்றி மண் காரத்தன்மைக்கு ஏறுகிறது. காரம் ஏறினால் அம்மோனியம் மண்ணில் தங்காது, அம்மோனியாவாக எழும்பிவிடும். மேலே வெயிலும் காற்றும் இருந்தால் கேட்கவே வேண்டாம். உரத்தோடு ஒரு நல்ல மழையோ பாய்ச்சலோ சேர்ந்து அதை மண்ணுக்குள் இறக்கிவிட்டால் இழப்பு வெகுவாகக் குறையும். நாலு விரல் ஆழத்தில் புதைத்தாலும் அப்படியே. மண்மேல் ஈரம் மட்டும் இருந்து, உள்ளே இறக்கத் தண்ணீர் இல்லாவிட்டால்தான் மோசம். நான் இருபது வருஷமும் சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் விசிறினேன். ஈரத்தில் போட்டால் நல்லது என்று அரைகுறையாகக் கேட்டு வைத்ததன் பலன்.

பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா. நிபுணர் குழுவான ஐபிசிசி 2019இல் திருத்திய கணக்குப்படி, யூரியாவில் இருக்கும் நைட்ரஜனில் சராசரியாக 15 சதவீதம் இப்படி ஆவியாகிறது. சராசரிதான். என் வயலில் அதைவிட மேலே இருந்திருக்கும், கண் கரித்த அளவுக்கு.

பிப்ரவரி 6

"அளவு சொல்லுங்கள், கதை வேண்டாம்" என்கிறார் ஒருவர். சரி. 100 கிலோ நைட்ரஜன், அதாவது யூரியாவில் 46 சதவீதம் என்பதால் ஏறத்தாழ 217 கிலோ யூரியா. இதில் 1 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாக நேரடியாகப் போகும் என்பது ஐபிசிசியின் பொது மதிப்பு. அப்படியானால் 1 கிலோ. நூறு வருஷக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப்போல் 273 மடங்கு சூடேற்றும். ஆக 273 கிலோவுக்குச் சமம்.

பிப்ரவரி 6

நைட்ரஸ் ஆக்சைடு என்றால் சிரிப்பூட்டும் வாயுவா என்று கேட்கிறார்கள். ஆமாம், அதேதான். ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி 1799இல் முகர்ந்து முகர்ந்து சிரித்தது. வயலில் நின்றால் சிரிப்பு வராது, நானே சாட்சி. வரும் அளவு அவ்வளவு கொஞ்சம்.

பிப்ரவரி 9

அம்மோனியாவுக்கே திரும்பி வருகிறேன். "நாற்றம்தானே, பறந்துபோய்விடும்" என்பதில் பாதி உண்மை. அம்மோனியாவாக அது காற்றில் சில மணி நேரமோ சில நாளோதான் இருக்கும். பக்கத்திலேயே படிந்துவிடும், அல்லது தோதான ஜோடி பார்த்துக்கொள்ளும். வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகள் காற்றில் நைட்ரிக் அமிலமாகின்றன, நிலக்கரிப் புகையின் கந்தகம் கந்தக அமிலமாகிறது. அமிலம் அலைகிறது, காரமும் அலைகிறது. சந்தித்தால் அம்மோனியம் நைட்ரேட், அம்மோனியம் சல்ஃபேட். இரண்டும் உப்பு, இரண்டும் நுண்துகள். 2.5 மைக்ரோமீட்டருக்கும் கீழே, நுரையீரலின் கடைசி அறைவரை போகக்கூடிய அளவு. துகளாகிவிட்டால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் போகும்.

பாரிஸில் 2014 மார்ச்சில் புகைமூட்டம் கட்டி நின்றது. மார்ச் 17 அன்று ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் பார்த்துக் கார்களை நிறுத்தினார்கள். அந்தத் துகள்களில் கணிசமான பங்கு அம்மோனியம் நைட்ரேட். நைட்ரேட் பாதி நகரத்து வண்டிகளிலிருந்து, அம்மோனியம் பாதி நகரத்துக்கு வெளியே வசந்தகால உரமிட்ட வயல்களிலிருந்து. தாலி கட்டியது நகரம், கழுத்தை நீட்டியது வயல். போலீஸ் பிடித்தது மாப்பிள்ளையை மட்டும்.

இதில் யாரைக் குறைத்தால் துகள் குறையும் என்பது இடத்துக்கு இடம் மாறும். எந்தப் பக்கம் தட்டுப்பாடோ அந்தப் பக்கத்தைக் குறைத்தால் துகள் உடனே இறங்கும். அம்மோனியா ஏராளமாக மிதக்கும் ஊரில் கொஞ்சம் குறைத்தால் ஒன்றும் தெரியாது, நிறையக் குறைக்கவேண்டும். விவசாயி கொஞ்சம் குறைத்துப் பார்த்துவிட்டு "ஒன்றும் நடக்கவில்லையே" என்று கேட்பது அதனால்தான்.

பிப்ரவரி 10

6ஆம் தேதிக் கணக்கு தப்பு. யாரும் கேட்கவில்லை, எனக்கே ராத்திரி தூக்கத்தில் உறுத்தியது. 1 கிலோ என்று சொன்னது நைட்ரஜனின் எடை மட்டும். நைட்ரஸ் ஆக்சைடில் ஆக்சிஜனும் இருக்கிறது. 28க்கு 44 என்ற விகிதத்தில் அது 1.57 கிலோ ஆகும். 273ஆல் பெருக்கினால் 429. முன்னே எழுதிய 273 கிலோவை அடித்துவிட்டு 429 என்று வாசியுங்கள்.

தவிர, யூரியாவுக்குள்ளேயே கார்பன் இருக்கிறது. ஆலையில் பிடித்துவைத்த கார்பன் டை ஆக்சைடுதான் அது. வயலில் யூரியா உடையும்போது வெளியே வந்துவிடும். 217 கிலோவுக்கு 159 கிலோ. ஆவியான அம்மோனியா வேறெங்கோ மண்ணில் இறங்கி அங்கேயும் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாகும், அது தனி. ஆலையின் புகை இன்னொரு தனி. தூக்கம் போனதுதான் மிச்சம்.

பிப்ரவரி 14

வாளிக் கதை. வேண்டாம் என்று வைத்திருந்தேன், ஆனால் வாசம் பற்றி 5ஆம் தேதி எழுதியது இதைச் சொல்லாமல் முழுசாகாது.

சில வருஷம் முன் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி என் நிலத்தில் வாயு அளக்க வந்தாள். கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மண்ணில் ஒரு வளையத்தை அழுத்தி வைத்து, அதன்மேல் கவிழ்த்த வாளிபோல் ஒரு மூடி. மூடியதும் ஒரு முறை, இருபது நிமிஷத்தில் ஒரு முறை, நாற்பதில் ஒரு முறை ஊசிக்குழாயால் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிச் சின்ன கண்ணாடிக் குப்பியில் அடைக்கவேண்டும். ஆய்வகத்தில் ஒவ்வொரு குப்பியிலும் நைட்ரஸ் ஆக்சைடு எவ்வளவு என்று பார்த்து, எந்த வேகத்தில் ஏறுகிறது என்று கணக்குப் போடுவார்கள். தினம் வர அவளால் முடியாது, என்னிடம் ஊசியும் குப்பியும் கொடுத்துவிட்டுப் போனாள்.

நான் ஒழுங்காகத்தான் எடுத்தேன். மேலுரம் போட்ட நாலாம் நாள் பெருமழை. வாசம் சுத்தமாக நின்றுவிட்டது. அப்பாடா, உரம் மண்ணுக்குள் இறங்கிவிட்டது, இனி எதுவும் போகாது என்று மூன்று நாள் வயல் பக்கமே போகவில்லை. சேற்றில் இறங்க சோம்பல் என்பதும் உண்மை.

அவள் வந்து தேதிகளைப் பார்த்தாள். முகம் தொங்கிப்போச்சு. "என்னங்க ஐயா, வருஷத்திலேயே முக்கியமான மூணு நாளை விட்டுட்டீங்களே."

அப்போதுதான் விளங்கியது. மண்ணில் காற்றோட்டம் இருக்கும்போது ஒரு கூட்டம் பாக்டீரியா அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும். மழையில் மண்ணின் துளைகள் நிரம்பி ஆக்சிஜன் தீர்ந்ததும் இன்னொரு கூட்டம், மூச்சுக்கு ஆக்சிஜன் கிடைக்காமல், அந்த நைட்ரேட்டிலிருந்தே ஆக்சிஜனைப் பிடுங்கும். ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே போகையில் நடுவழியில் நிற்பதுதான் நைட்ரஸ் ஆக்சைடு. உரம் புதிதாகக் கிடக்க, மழையும் சேர்ந்தால் அவர்களுக்குத் திருவிழா. வருஷம் முழுக்க வரும் நைட்ரஸ் ஆக்சைடில் பெரும்பங்கு இப்படிச் சில நாட்களில் வந்து முடிந்துவிடும்.

அடுத்த போகத்தில் மழையோடு மழையாகப் போய் எடுத்தேன். அவள் வரைந்த கோடு அதுவரை தரையோடு படுத்திருந்தது, அந்த மூன்று நாளில் சுவர்போல் எழும்பி நின்றது. அந்த மூன்று நாளும் நான் மோந்து பார்த்தேன். ஈரமண் வாசனை மட்டும்தான். நைட்ரஸ் ஆக்சைடு வந்த அளவுக்கு மூக்கு ஒன்றும் சொல்லாது.

ஆகவே 5ஆம் தேதி "மழை வந்தால் இழப்பு குறையும்" என்று எழுதியதோடு சேர்த்து வாசியுங்கள்: அம்மோனியா இழப்பு குறையும். ஒரு கதவைச் சாத்தினால் இன்னொரு கதவு.

பிப்ரவரி 15

"அப்போ யூரியாவை நிறுத்திவிடலாமா?" இல்லை. இன்று உயிரோடு இருப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் செயற்கை நைட்ரஜனால் விளைந்ததைச் சாப்பிட்டு வாழ்கிறார்கள். எந்தப் பாதி என்று முதலில் சொல்லுங்கள், பிறகு நிறுத்துவோம்.

பிப்ரவரி 18

சாணம் நல்லது, யூரியா கெட்டது என்று நாலு பேர் வரிசையாகச் சொல்லிவிட்டார்கள். தாவரத்துக்கும் பாக்டீரியாவுக்கும் அம்மோனியம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அடைத்த கோழிக்கொட்டகையை விடியற்காலையில் திறந்தவர்கள் யாராவது இருந்தால் கேட்டுப்பாருங்கள். நான் ஒரு வருஷம் எருவுக்காக அந்த வேலை பார்த்தேன். குனிந்து அள்ளும்போது கண் எரிந்து வெளியே ஓடிவருவேன். யூரியா போட்ட வயல் அதற்குப் பக்கத்தில் பன்னீர். உலகில் மனிதர்களால் வரும் அம்மோனியாவில் பெரும்பங்கு விவசாயத்திலிருந்து, அதிலும் கால்நடைக் கழிவின் பங்கு பெரியது. திறந்தவெளியில் குவித்த எரு, மேலாகப் பரப்பிவிட்டு உழாமல் விட்ட எரு, எல்லாம் அதே கதைதான். பரப்பிய அன்றைக்கே உழுது மூடினால் பெருமளவு மிஞ்சும்.

எருவால் மண்ணுக்கு வரும் நன்மை வேறு, அதை மறுக்கவில்லை. நைட்ரஜன் கணக்கில் அது உத்தமன் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

பயறுவகை கொஞ்சம் தேவலாம். வேர்முடிச்சில் நைட்ரஜன் பிடிக்கப்படுவது செடிக்குத் தேவையான வேகத்தில் நடக்கிறது, மேலே கொட்டிக்கிடப்பதில்லை. ஆனால் அறுத்தபிறகு மடக்கி உழுதால் அந்தத் தழை மக்கும்போது அதுவும் அதே பாக்டீரியாக்களின் வாய்க்குத்தான் போகும்.

பிப்ரவரி 21

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து ஒரு குத்து விட்டிருக்கிறார்: அந்தப் பாக்டீரியா கடைசிவரை பிடுங்கினால் என்ன ஆகும்?

சோம்பேறி நைட்ரஜன் ஆகும். அவர் சொன்னதுதான். 2ஆம் தேதி நான் "பெரும்பாலும் அப்படித் திரும்புவதில்லை" என்று எழுதினேன், அது அவசரத்தில் எழுதியது. பிடுங்கல் முழுசாக முடியும் இடங்களில், ஆற்றுச் சேறு, சதுப்பு, ஆழமான ஈர மண், ஏராளமான நைட்ரேட் சத்தமில்லாமல் பழைய நைட்ரஜனாகவே காற்றுக்குத் திரும்புகிறது. அந்தப் பங்கு சின்னது இல்லை. விவசாயிக்கு அது நஷ்டம், ஆனால் காற்றுக்குக் கேடில்லை.

பிரச்சினை கடைசிப் படியில். நைட்ரஸ் ஆக்சைடை நைட்ரஜனாக மாற்றும் நொதிக்குச் செம்பு வேண்டும், ஆக்சிஜன் ஆகாது, புளித்த மண்ணும் ஆகாது. அமில மண்ணில் அது சரியாக உருவாவதே இல்லை. மற்ற படிகள் நடக்கும், இது மட்டும் தடுமாறும். அப்போது நைட்ரஸ் ஆக்சைடாகவே வெளியே வந்துவிடும்.

மண்ணைப் புளிக்கவைப்பது யார்? அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் பிறக்கிறது. நாம் போடும் உரமே. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணையில் 1856இல் தொடங்கிய புல்வெளிச் சோதனை இன்னும் நடக்கிறது. வருஷா வருஷம் அம்மோனியம் சல்ஃபேட் போட்டு, சுண்ணாம்பு போடாமல் விட்ட பாத்திகளில் மண்ணின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; 7 நடுநிலை, குறையக் குறைய அமிலம்) நாலுக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒரே வரப்பைத் தாண்டினால் வேறு உலகம் என்கிறமாதிரி செடிவகையே மாறிப்போச்சு.

ஆக, எடுத்த இடத்தில் திருப்பி வைக்கிற கை ஒன்று மண்ணிலேயே இருக்கிறது. அந்தக் கையைத்தான் நாம் போடும் உரம் முடமாக்குகிறது. ஐயா, உங்கள் கேள்விக்கு முதல் நாளே இந்தப் பதில் சொல்லியிருக்கவேண்டும்.

பிப்ரவரி 22

என் மண்ணின் பிஎச் என்ன என்று ஒருவர் கேட்கிறார். கடைசியாகப் பார்த்தது எப்போது என்றே ஞாபகமில்லை. மாதிரி எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பிப்ரவரி 27

நெல்வயல் பற்றிக் கேட்டவருக்கு. எப்போதும் தண்ணீர் நின்றால் பிடுங்கல் முழுசாக முடியும், நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம்தான். ஆனால் ஆக்சிஜன் இல்லாத சேற்றில் மீத்தேன் பெருகும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வற்றவிட்டு மறுபடி, நீர் கட்டினால் மீத்தேன் பெருமளவு இறங்கும், நைட்ரஸ் ஆக்சைடு ஏறும். கூட்டிக் கழித்தால் பொதுவாகக் காய்ச்சல் பாய்ச்சலே லாபம், நைட்ரஜனை அளவோடு போட்டிருந்தால். மண் காயும் நேரத்தில் யூரியா நிறையக் கிடந்தால் அந்த லாபத்தின் ஒரு பகுதி கரைந்துபோகும். இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்துப் போடுவது அதற்காகத்தான். பயிர் ஏற்கெனவே கருகருவென்று இருக்கும்போது போடுவது பயிருக்கு அல்ல, பாக்டீரியாவுக்கு.

இங்கேதான் என் பழைய புத்தியும் ஒத்துக்கொள்ளவேண்டும். பக்கத்து வயலைவிட என் வயல் ஒரு சாயல் வெளுத்துத் தெரிந்தால் எனக்குத் தாங்காது. பாதி யூரியா அந்தத் தாங்காமைக்குப் போட்டது.

மார்ச் 3

இரண்டு விஷயம், இரண்டும் எதிரெதிர்.

அம்மோனியத் துகள்கள் வெயிலைத் திருப்பி அடிக்கும், அதனால் பூமியைக் கொஞ்சம் குளிர்விக்கும். நைட்ரஜன் ஆக்சைடுகள் மீத்தேனின் ஆயுளைக் குறைக்கும், அதுவும் குளிர்ச்சிப் பக்கம். காட்டில் படியும் நைட்ரஜன் சில இடங்களில் மரத்தை வேகமாக வளர்க்கும். முதலில் இதை வாசித்தபோது எனக்கு எரிச்சலாக இருந்தது, சொல்ல வந்ததைக் குழப்புகிறதே என்று. ஆனால் உண்மை உண்மைதான். துகள் சில நாளில் மழையோடு இறங்கிவிடும், அதற்குள் எத்தனையோ பேர் அதை மூச்சில் இழுத்திருப்பார்கள். நைட்ரஸ் ஆக்சைடு நூறு வருஷத்துக்கு மேல் நிற்கும். தினக்கூலிக்கு வரும் குளிர்ச்சியும் நிரந்தர வேலைக்கு வரும் சூடும்.

இரண்டாவது: அந்த நைட்ரஸ் ஆக்சைடு கடைசியில் எங்கே போகிறது? மேலே அடுக்குமண்டலம்வரை ஏறி, அங்கே வெயிலில் உடைகிறது. பெரும்பங்கு நைட்ரஜனாகத் திரும்பிவிடுகிறது (ஆம், எடுத்த இடத்துக்கே, ஒரு நூற்றாண்டு கழித்து). சிறு பங்கு நைட்ரிக் ஆக்சைடாகி ஓசோனைத் தின்கிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் ஓசோனை அழிக்கும் விதத்தை 1970இல் பால் க்ரூட்சன் எழுதினார், 1995 நோபலில் அவரும் ஒருவர். 2009இல் விஞ்ஞானி ரவிசங்கராவும் கூட்டாளிகளும் கணக்கிட்டது: குளிர்பெட்டி வாயுக்கள் கட்டுக்குள் வந்தபிறகு, இப்போது மனிதர்கள் வெளியிடுவதில் ஓசோனுக்கு மிகப் பெரிய கேடு நைட்ரஸ் ஆக்சைடுதான். ஓசோனைக் காக்க வந்த 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் பட்டியலில் அது இல்லை.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் நைட்ரஸ் ஆக்சைடு நூறு கோடிப் பங்கில் 270 பங்கு இருந்தது. 2022இல் ஏறத்தாழ 336. மனிதர்களால் வருவதில் நாலில் மூன்று பங்கு விவசாயம்.

மார்ச் 4

நெதர்லாந்து பற்றி எழுதச் சொல்கிறார்கள். சுருக்கமாக: 2019 மே 29 அன்று அங்கே உயர்ந்த நிர்வாக நீதிமன்றம், நைட்ரஜன் மாசைப் பின்னால் குறைப்போம் என்ற வாக்குறுதியை நம்பி இப்போதே அனுமதி கொடுக்கும் திட்டம் செல்லாது என்றது. அக்டோபரில் டிராக்டர்கள் ஹேக் நகருக்குள் வந்தன. 2023 மார்ச்சில் மாகாணத் தேர்தலில் விவசாயிகள் பக்கம் நின்ற புதுக் கட்சி முதலிடம் பிடித்தது. நைட்ரஜன் படிந்து புல் பெருகி, ஏழை மண்ணில் மட்டும் வாழப் பழகிய செடிகள் ஒடுங்குவது உண்மை. முப்பது வருஷமாக மாட்டைப் பெருக்கு பெருக்கு என்று கடன் கொடுத்துவிட்டுத் திடீரென்று கணக்குக் கேட்டால் டிராக்டர் வராமல் என்ன வரும்? இரண்டு பக்கத்தையும் புரிந்துகொள்ள முடிகிறது, அதனால் நான் யாருக்கும் பயன்படமாட்டேன்.

மார்ச் 5

யூரியேஸ் தடுப்பான், நைட்ரேட் ஆவதைத் தாமதப்படுத்தும் மருந்து, வேப்பெண்ணெய் பூசிய யூரியா எல்லாவற்றையும் பற்றிக் கேட்டவருக்கு: வேலை செய்யும், இடத்துக்கு இடம் அளவு மாறும். நைட்ரேட் ஆவதை மட்டும் தடுத்தால் அம்மோனியமாக அதிக நாள் கிடக்கும், மேலாகப் போட்டிருந்தால் அம்மோனியா இழப்பு கூடக்கூடும். இரண்டு கதவையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். எனக்குத் தெரிந்து எல்லாக் கதவையும் ஒரே நேரத்தில் சாத்துவது ஒன்றுதான், குறைவாகப் போடுவது.

மார்ச் 19

மண் முடிவு வந்துவிட்டது. பிஎச் 5.2. மூன்று வாரமாக ஊருக்கெல்லாம் அமில மண் பாடம் எடுத்தது நான்.

சுண்ணாம்புக்கல் தூள் போடப்போகிறேன். ஏக்கருக்கு எவ்வளவு என்பதை மண்ணின் தன்மை பார்த்துச் சொல்வார்கள். அதற்குள் யாராவது கண்டுபிடித்து எழுதும்முன் நானே எழுதிவிடுகிறேன்: சுண்ணாம்புக்கல்லும் கரையும்போது கார்பன் டை ஆக்சைடு விடும். ஒரு டன் முழுதாகக் கரைந்தால் அதிகபட்சம் 440 கிலோ. 10ஆம் தேதி 100 கிலோ நைட்ரஜனுக்கு வந்த 429 கிலோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுண்ணாம்பு சில வருஷத்துக்கு ஒரு முறை, யூரியா போகத்துக்குப் போகம். எனக்குத் தோன்றுகிறபடி கணக்கு சுண்ணாம்பு பக்கம்தான் சாய்கிறது. வாளி இன்னும் கொட்டகையில் கிடக்கிறது. ஊசிக்குழாய் வாங்கவேண்டும்.